வாய்க்கரிசி

ஆற்றங்கரை மடத்தில் கடைசி இலை குருவுக்கு. மற்றவர்கள் வயிறார உண்டு எழுந்தால்தான் அவருக்கு இலை விழும். அன்று பதினேழு இலைகள் மடிந்துவிட்டன. பதினெட்டாவது இலையில் சோறு ஆறிக் கிடந்தது. அதன் முன்னால் ஆவுடையப்பன்.

குருவைவிடப் பதினோரு வயது மூத்த சீடர். மடத்துக்கு வந்து ஐந்து நாள். வாழைப்பழமும் தண்ணீரும்தான் உள்ளே இறங்கின. சோற்றைப் பிசைவார். உருண்டை பாதி வழி வந்து நின்று, இலைக்கே திரும்பிவிடும்.

"டாக்டரைப் பாத்தீங்களா அண்ணாச்சி?"

"ரெண்டு பேரைப் பாத்தாச்சு சாமி. மாத்திரை தூங்க வைக்குது. திங்க வைக்கல."

மடியிலிருந்து ஒரு மஞ்சள் துணி முடிச்சை எடுத்தார்.

"கோமதிக்குக் கொண்டுபோனது."

கோமதி அவர் மனைவி. கொரோனா வந்து ஆஸ்பத்திரியில் பதிமூன்று நாள் கிடந்தாள். பிறகு பையில் கட்டி, நேரே சுடுகாடு. இவரை இருபது அடி தள்ளிக் கயிற்றுக்கு இப்பால் நிறுத்தினார்கள். வாய்க்கரிசியைக் கைக்குள் பொத்தியபடி நின்றார். பையை யாரும் திறக்கவில்லை.

"தினம் எண்ணுதேன் சாமி. முந்நூத்திப் பன்னெண்டு இருந்துச்சு. வண்டு தின்னு, இப்ப நூத்தி நாப்பது."

"வண்டை விரட்டலியா?"

"அதாவது தின்னுட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

"எங்கிட்ட என்ன கேக்க வந்தீங்க?"

"அவ பசியோடயா போனா? அதை மட்டும் சொல்லிருங்க."

குரு முடிச்சைக் கையில் வாங்கினார்.

"தெரியல அண்ணாச்சி."

ஆவுடையப்பன் தலை கவிழ்ந்தது. சாமிக்கே தெரியாதென்றால் இனி யாரிடம் போய்க் கேட்பது?

குரு முடிச்சை அவிழ்த்தார். அரிசியை ஆவுடையப்பனின் உள்ளங்கையில் கொட்டினார். எதிரே சம்மணமிட்டு, வாயைத் திறந்தார்.

"சாமி! உசுரோட இருக்கவுக வாயில போடுத அரிசியா இது? கேலியா பண்ணுதீங்க?"

திறந்த வாய் மூடவில்லை.

ஆவுடையப்பனின் கை எழும்பியது. பாதி வழியில் நின்றது. இரண்டு மணி கீழே சிந்தின. உதடு தன்னால் எண்ணியது: நூத்தி முப்பத்தெட்டு.

"முடியல சாமி. என் இலையை எடுத்துரச் சொல்லுங்க. நேரமாச்சு, நீங்க போய்ச் சாப்பிடுங்க."

"ஒரு இலை மிச்சம் இருக்கையில எனக்கு இலை போட மாட்டாங்க."

ஆவுடையப்பன் நிமிர்ந்து பார்த்தார். குருவின் கன்னம் ஒட்டியிருந்தது.

"அப்பம்... இந்த அஞ்சு நாளும்?"

"பசிக்குது அண்ணாச்சி."