கழட்ட முடியாத நட்டு

சீடன் குருவைவிடப் பதினைந்து வயது மூத்தவன். அதில் அவனுக்கு வெட்கம் எதுவும் இல்லை. வெல்டிங் மெஷினுக்கு வயசு தெரியாது என்று சொல்லிக்கொள்வான்.

அவன் பெயர் அர்த்தநாரி. திருச்செங்கோட்டில் ஒரு பழைய லாரியைச் சொந்தமாக வைத்து ஓட்டுகிறவன். குருவின் பெயர் மரகதம். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். பட்டறைப் பக்கம் மின்தடை வரும் நாட்களில் அவன் வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுப்பாள். அவன் அவளை அம்மிணி என்பான். அவள் அவனை அண்ணா என்பாள்.

எஞ்சினிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் இரும்பு வார்ப்பு வெடித்துவிட்டது. புதிது எங்கும் கிடைக்கவில்லை. அந்த மாடலின் காலமே மலையேறிவிட்டது, லாரிதான் மலையேற மாட்டேன் என்று அடம்பிடித்தது. சரி, நாமே செய்துவிடலாம் என்று அர்த்தநாரி எஞ்சினை இறக்கி, வீட்டுப் பக்கத்துத் தகரக் கொட்டகையில் நிறுத்தினான்.

அந்த வார்ப்புக்குப் பதிலாக, ஆறு சிலிண்டருக்கு ஆறு குழாய். எல்லாம் ஒரே நீளம். ஆறும் வளைந்து நெளிந்து வந்து கடைசியில் ஒன்றாகச் சேர வேண்டும்.

"கிட்ட இருக்கற குழாயும் எதுக்குங்க அம்மிணி ஊரைச் சுத்திட்டு வரோணும்?" என்று முதல் நாளே கேட்டான்.

"முந்திப் போற பொகை மூச்சு, பிந்தி வர்றதைக் கையப் புடிச்சு இழுத்துட்டுப் போவோணுமுங்கண்ணா. வாசல்ல நின்னு ஒண்ணை ஒண்ணு முட்டக் கூடாது."

அவனுக்குப் பாதி புரிந்தது. மீதியைக் குழாய்கள் சொல்லும் என்று விட்டுவிட்டான்.

குழாய்களின் மேல் அவனுக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது. ஒட்டிய இடம் ஆறும்போது இரும்பில் பொன்னிறம் வரும். அது ஊதாவாகும். ஊதா கரைந்து புறாக் கழுத்தின் நீலம் வரும். சாப்பாடு ஆறிப்போவது தெரியாமல் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பான். மத்தியானத்தில் குழாயின் வாயில் காதை வைத்தால் எங்கோ தூரத்துக் காற்று கேட்கும். அப்படியே கண் சொருகும்.

அந்த அரைத் தூக்கத்தில் லாரி சத்தமே இல்லாமல் மலையேறியது. சாலையில் பஞ்சாக மூடுபனி. பக்கத்து சீட்டில் செத்துப்போன அப்பன் வேட்டியை முழங்காலுக்கு மேல் ஏற்றிவிட்டு, காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரிடம் என்னவோ கேட்க நினைத்தான். வாய் வரவில்லை. ஒவ்வொரு வளைவிலும் ஒரு வீட்டு வாசல் எதிரே வந்து வந்து விலகிப் போனது.

"ஏனுங், எந்திரிங்க" என்று மனைவி பூவாத்தா எழுப்பினாள். "பாவாயி ஆள் உட்டிருக்குது. வெள்ளிக்கிழமை அவ ஊட்டுல பாப்பாளுக்குக் காதுகுத்து. மாமன் மடியில வெச்சுத்தான் குத்துவாளாம். மாமன் வரலீன்னா குத்தவே மாட்டாளாம்."

பாவாயி அவன் தங்கை. அப்பன் இறந்தபோது அவன் நாக்பூருக்கு அப்பால் லோடோடு நின்றிருந்தான். அடித்துப் பிடித்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. சொந்தபந்தம் அத்தனையும் நிற்க அவள் சொன்னாள்: "இப்ப என்ன அவசரமுண்ணா? அப்பன் இன்னும் ரெண்டு நாளு கெடந்திருக்கும். லோடு கெட்டுப் போயிருமே."

தீட்டென்றும் பாராமல் அன்று மாலையே கோயிலுக்குப் போய், எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தான். "இனி அவ வாசப்படிய மிதிச்சா நான் எங்கப்பனுக்குப் பொறக்கல."

அந்தக் கோபம் எப்போதோ ஆறிவிட்டது. சத்தியம்தான் ஆறவில்லை. பாவாயிக்கு வெகுகாலம் கழித்துப் பிறந்த பெண் குழந்தையை அவன் பூவாத்தாவின் போனில் படமாகத்தான் பார்த்திருக்கிறான். அதை மடியில் வைத்துக்கொள்ள உடம்பெல்லாம் ஏங்கியது. சொல்லி என்ன ஆகப்போகிறது என்று மறுபடி குழாயைப் பிடித்துக்கொண்டான்.

மறுநாள் வியாழக்கிழமை. பட்டறைப் பக்கம் கரண்ட் இல்லை. மரகதம் வந்தாள். முடிந்த வேலையைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். ஒட்டுகளின் மேல் விரலை ஓட்டினாள்.

"நல்லா ஒட்டியிருக்கீங்க."

அர்த்தநாரிக்குத் தலைகால் புரியவில்லை.

"சரிங்க, கழட்டுங்க. உள்பக்கம் பாக்கோணும்."

ஸ்பேனரை எடுத்துக்கொண்டு குனிந்தான். குழாய்களை எஞ்சினோடு பிடித்திருந்த நட்டுகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. கடைசி நட்டு மட்டும் இரண்டு குழாய்களுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. கண்ணுக்குத் தெரிந்தது. ஸ்பேனர் போகவில்லை. மேலிருந்து பார்த்தான், கீழே படுத்துப் பார்த்தான். விரல் தோல் உரிந்ததுதான் மிச்சம்.

"முடுக்கறப்ப எப்படி முடுக்குனீங்க?"

"அப்ப குழாய் இல்லீங்க அம்மிணி. முடுக்கிப்போட்டுத்தான் மேல ஒட்டுனேன்."

"பின்னால கழட்ட வேண்டி வருமுன்னு நெனைக்கலீங்களா?"

"நெனைக்கலீங்க. வேகத்துல பண்ணிப்போட்டேன்."

சொன்ன பிறகு அந்த வார்த்தை அவனையே என்னவோ செய்தது. எஞ்சினோரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டான். தங்கை, அப்பன், சூடம், நாளைய காதுகுத்து, எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தான்.

மரகதம் முழுவதையும் கேட்டாள். பிறகு குழாய் வெட்டும் மெஷினை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

"வெட்டுங்க."

"எதையுங்?"

"மறைக்கற குழாயத்தானுங்க."

"இருக்கறதுலயே நல்லா வந்த ஒட்டு அதுதானுங்களே அம்மிணி."

"ஆமாங்க."

"நீங்க வெட்டுங்களேன்."

"ஒட்டுனது நானுங்களா?"

வெட்டினான். பொறிகள் கொட்டகை முழுக்கப் பறந்து, அந்தரத்திலேயே அணைந்தன. பொன்னும் ஊதாவும் நீலமும் ஒரு கோட்டில் அறுபட்டன. குழாய் சூடாகக் கழன்று கையோடு வந்தது. அந்தச் சந்தில் ஸ்பேனர் நுழைந்தது. நட்டு கிறீச்சென்று ஒரு முனகல் முனகி இளகியது.

மொத்தத்தையும் இறக்கி வைத்தார்கள். எஞ்சினின் ஆறு வாய்களும் திறந்திருந்தன. கொட்டகையில் இரும்பு வாடை தணிந்து காற்று வந்தது.

அர்த்தநாரி ஸ்பேனரை மட்டும் கீழே வைக்கவில்லை.

"குழாய்க்கு மெஷின் இருக்குது" என்றான் மெதுவாக. "சாமி முன்னால நின்னு, சூடம் அடிச்சு, இந்த வாயால முடுக்குனது. அதை எதை வெச்சுங்க அம்மிணி கழட்டறது?"

மரகதம் அவன் கையிலிருந்த ஸ்பேனரை வாங்கினாள். இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். மறுபடி அவன் உள்ளங்கையிலேயே வைத்தாள்.

"முடுக்குனதும் இதேதானுங்களேண்ணா. கழட்டறதுக்குன்னு தனியா ஒண்ணு யாரும் செஞ்சு விக்கறதில்லீங்க."