வெள்ளைச் சீருடை

குருவுக்கு முப்பத்தைந்து வயது, சீடருக்கு ஐம்பத்திரண்டு. இருவருமே பிசியோதெரபிஸ்ட்டுகள். பாளையங்கோட்டையில் ஒரு மாடி கிளினிக்கில், ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் சரியாகப் போக முடியாமல் தவிக்கும் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பவர் முத்தரசி. அவரிடம் கற்றுக்கொள்ள வந்தவர் தாவீது.

தாவீது லேசுப்பட்ட ஆள் இல்லை. இருபத்தாறு வருஷம் கபடிக்காரர்களின் முட்டியையும் தோளையும் சரிபண்ணியவர்.

முத்தரசி அவரிடம் ஒப்படைத்த முதல் பிள்ளை மகிழ்மதி. எட்டு வயது. வகுப்பில் உட்கார்ந்த இடத்திலேயே பாவாடை நனைந்துவிடும், பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. பள்ளி விளையாட்டு விழாவில் கொடி பிடித்து முன்னால் நடக்க அவளைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். வெள்ளைச் சீருடை போட்டு ஒன்றரை மணி நேரம் நிற்க வேண்டும். "எனக்கு வேண்டாம்னு டீச்சர்கிட்ட சொல்லிரும்மா" என்று தன் அம்மா செல்வராணியிடம் அழுதிருக்கிறாள்.

விழாவுக்கு மூன்று மாதம் இருந்தது.

தாவீது தன் பழைய வித்தையை எடுத்தார். "அடக்குற தசைக்குப் பலம் பத்தலை. இறுக்கு, பத்து எண்ணு." பிள்ளை கெட்டிக்காரி. பத்து பதினைந்தானது, பதினைந்து இருபதானது. தாவீதுக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்றாவது வாரம் செல்வராணி மகளோடு வந்து நின்றார். "முன்னே ஒரு நாளைக்கு ஒரு பாவாடை நனையும் சார். இப்ப ரெண்டு."

தாவீதின் முகம் செத்துவிட்டது. நேராக முத்தரசியிடம் போனார்.

"இவ்வளவு பலம் ஏத்தியும் ஏன் மேடம் ஒழுகுது?"

முத்தரசி டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தார். "வலது கையை இறுக்கி மூடுங்க சார். நான் சாப்பிட்டு முடிக்கிறவரை திறக்கக் கூடாது."

முத்தரசி சாப்பிடுவது ரொம்ப சாவகாசம். தயிர்சாதத்துக்கு ஒரே ஒரு மோர்மிளகாய், அதையும் நுனி நுனியாகக் கடிப்பார். தாவீதுக்கு முழங்கைவரை கடுத்தது. ஆனாலும் மனுஷர் விடவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் ஒரு தம்ளரில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றினார் முத்தரசி. "இப்ப இதை எடுங்க."

விரல்கள் விரியவே மறுத்தன. எப்படியோ தம்ளரைப் பிடித்தார். கை நடுங்கி மேஜையெல்லாம் தண்ணீர்.

"உங்க கைக்குப் பலம் பத்தலையா சார்?"

தாவீது மேஜையைத் துடைத்தார். பிறகு மகிழ்மதியிடம் போய் உட்கார்ந்தார். அவளிடம் அவர் கேள்வி என்று ஒன்று கேட்டது அன்றைக்குத்தான்.

"ஸ்கூல்ல பாத்ரூம் போவியா பாப்பா?"

"போக மாட்டேன். நாறும். தாழ்ப்பாளும் கிடையாது."

"அப்ப என்ன பண்ணுவே?"

"காலைலேர்ந்து இறுக்கிப் பிடிச்சுக்குவேன். தண்ணியே குடிக்க மாட்டேன்."

"ரெண்டுக்கு?"

"அதையும்தான். அஞ்சு நாளைக்கு ஒருக்கா போவேன். வலிக்கும்."

நாளெல்லாம் இறுக்கிக்கொண்டிருந்த பிள்ளைக்கு இன்னும் இறுக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறோமே என்று தன்னையே ஓர் அறை அறையலாம் போலிருந்தது அவருக்கு.

அன்றிலிருந்து எல்லாம் தலைகீழ். டாக்டரிடம் அனுப்பி, குடலில் கட்டிக்கிடந்து மூத்திரப்பையை அழுத்திய மலம் இளக மருந்து வாங்கினார்கள். டாய்லெட்டில் அந்தரத்தில் தொங்கிய கால்களுக்கு அடியில் ஒரு முக்காலி போட்டார்கள். இறுக்கம் தளர, பாதம் பதிய உட்கார்ந்து காகிதக் காற்றாடியை ஊத வேண்டும், முக்கக் கூடாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, வந்தாலும் வராவிட்டாலும் பாத்ரூம். தாவீது பள்ளிக்கே போய், பிள்ளையின் பெயரைச் சொல்லாமல், தாழ்ப்பாளும் தண்ணீரும் போட்டால்தான் ஆச்சு என்று நின்றார். நாலு தடவை நடந்த பிறகு போட்டுத் தந்தார்கள்.

முதல் மாதம் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. விழாவுக்குப் பதினொரு நாள் இருக்கும்போது, ஒரு வாரம் முழுக்கப் பாவாடை நனையாமல் வந்தது. "கொடியை நானே பிடிக்கேன்" என்று சொல்லிவிட்டாள் மகிழ்மதி.

விழாவுக்குத் தாவீதும் போனார். பிள்ளை கொடியைச் சாயவிடாமல், கால் பிசகாமல் நடந்தாள். ஒன்றரை மணி நேரம் கழித்தும் அந்த வெள்ளைச் சீருடை வெள்ளையாகவே இருந்தது. மாநிலக் கோப்பை ஜெயித்த கபடி அணிக்குக்கூட அழாத மனுஷர், அங்கே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

முடிந்ததும் குழாயடியில் தோழிகளோடு நின்றவளைப் பார்த்துக் கையசைத்தார்.

"யாருட்டி அது?" என்றாள் ஒருத்தி.

மகிழ்மதி அவரை நேராகப் பார்த்தாள். "தெரியலையே" என்றாள். வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டுத் தோழிகளோடு ஓடிப்போனாள்.

தாவீது கிளினிக்குக்கு வந்து முத்தரசியிடம் எல்லாவற்றையும் சொன்னார். "மறைக்காம சொல்றேன் மேடம், சுருக்குன்னு இருந்துச்சு. கபடிப் பயலுக இன்னைக்கும் நடுரோட்டுல வண்டிய நிப்பாட்டி வணக்கம் சொல்வானுக. இந்த வேலைல நாம எதைச் சொல்லிப் பெருமைப்படுறது?"

"சொல்லும்போது தலையைக் குனிஞ்சாளா?"

"இல்லை. என் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னா."

முத்தரசி சிரித்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமையைத் தாவீது அதுவரை பார்த்ததில்லை.

"இத்தனை நாள் அவ வாயே திறக்காம அவ கஷ்டம் பள்ளிக்கூடத்துக்கே தெரிஞ்சுச்சு சார். இனிமே அவளா சொன்னாத்தான் தெரியும்."