கண்ணாடி மெருகு

கற்பனை ஒருமுறை வந்துவிட்டது. மறுபடி வர வேண்டும். அதற்கு வழி கேட்கத்தான் செங்கோடன் தன் குருவிடம் வந்தார்.

செங்கோடனுக்கு ஐம்பத்து நான்கு வயது. குரு கமலவேணிக்கு நாற்பதுதான். இதில் வாயைப் பிளக்க ஒன்றுமில்லை. செங்கோடன் கரூரில் ஒரு பிளைவுட் கடையில் மைக்கா ஷீட் விற்றுக் காலத்தைத் தள்ளியவர். கமலவேணி வீடுகளுக்கு உள் அலங்காரம் செய்கிறவர். அந்த வேலையில் அவரை விட்டால் அந்த ஊரில் ஆள் கிடையாது. செங்கோடன் கடையை விட்டார், அவரிடம் சேர்ந்தார், கற்றார், இப்போது தனியாக ஒரு வீட்டு ஹாலை முடித்திருக்கிறார். முன்கதை அவ்வளவுதான்.

அவர் போனபோது கமலவேணி தரைக்குப் போடக் கல் பார்த்துக்கொண்டிருந்தார். தரையில் நாலைந்து கல் துண்டுகள். காலை நனைத்துக்கொண்டு ஒவ்வொன்றின் மேலும் ஏறி நின்றார். கல்லைக் கண்ணால் எடுக்கிற வழக்கம் அவரிடம் இல்லை. வழுக்கினால் வேண்டாம். குத்தினால் வேண்டாம்.

"அம்மிணி, பொன்னுரங்கம் வீட்டு ஹால் முடிஞ்சுதுங்க."

"கேள்விப்பட்டேன்."

"பாக்கறவங்க எல்லாம் வாயடைச்சு நிக்கறாங்க. அவருக்கும் ரொம்பத் திருப்தி. தம்பி வீட்டையும் என்கிட்டயே குடுக்கறேங்கறாரு."

"நல்லது."

"அதுதாங்க பயமா இருக்குது. இது எனக்கு எப்படித் தோணுச்சுன்னே தெரியலை. குபுக்குனு வந்துருச்சு. அடுத்த வீட்டுக்கும் வரணுமில்லீங்களா? கற்பனைங்கறது எங்கிருந்துங்க வருது?"

கமலவேணி கல்லை விட்டு இறங்கினார்.

"வண்டியை எடுங்க, செங்கோடண்ணா. பாத்துட்டு வந்துரலாம்."

பொன்னுரங்கம் படுக்கை விரிப்பு ஏற்றுமதி செய்கிறவர். அவரே வந்து கதவைத் திறந்தார்.

"வாங்க, வாங்க. சீடப்புள்ளை செஞ்சதைப் பாக்கக் குருவே வந்துட்டீங்களா? கண்ணு கிண்ணு வெச்சுராதீங்க!"

ஹால் முழுக்கக் கறுப்புக் கிரானைட். கண்ணாடி மெருகு. இணைப்பு எங்கே என்று தேடினாலும் தெரியாது. மேலே எரிகிற விளக்குகள் காலுக்குக் கீழே, எங்கோ ஆழத்தில் எரிந்தன. பார்க்கும்போதெல்லாம் செங்கோடனுக்கு மார்பு விரியும். இன்றும் விரிந்தது.

கமலவேணி செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார். நடுவில் நின்று குனிந்து பார்த்தார். அவர் முகம் கீழேயிருந்து அவரைப் பார்த்தது. ஹாலின் மறுகோடிக்குப் போனார். அங்கே வீட்டின் உள்பக்கம் போகிற நடை தொடங்குகிறது. கத்தியால் வெட்டியது போலக் கறுப்பு நின்றது. அதற்கு அப்பால் பழைய சிவப்புச் சிமெண்ட் தரை.

"உள்ளே மாத்தலையா?"

"அவரு ஹால் மட்டும் போதும்னுட்டாருங்க."

"உள்ளே என்ன இருக்கு?"

செங்கோடன் யோசித்தார். "அவங்கய்யன் ரூமு. ஒரு பாத்ரூமு. புதுசா ஒரு டிவி மாட்டியிருக்குது."

பேச்சுச் சத்தம் கேட்டு அந்த அறைக் கதவு திறந்தது. பொன்னுரங்கத்தின் அப்பா வெளியே வந்தார். எண்பதைத் தாண்டிய உடம்பு. வீட்டுக்கு ஆள் வந்திருக்கிறது என்கிற சந்தோஷம் முகத்தில். சிவப்புத் தரையில் விறுவிறு என்று வந்தவர் கறுப்புக்கு முன்னால் நின்றுவிட்டார். வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்தார். ஒரு காலை நீட்டினார். சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"ஆழம் எவ்வளவுங்க?" என்றார்.

பொன்னுரங்கம் சிரித்தார். கமலவேணி சிரிக்கவில்லை. கையை நீட்டினார்.

"தண்ணி இல்லீங்கய்யா. கையைப் புடிச்சுட்டு வாங்க."

பெரியவர் அந்தக் கையைப் பார்த்தார். கீழே பார்த்தார்.

"உனக்கு நீச்சல் தெரியும் கண்ணு. எனக்குத் தெரியாதே."

"ஏனுங்கய்யா, உள்ற போங்க. டிவி ஓடுதில்ல?" என்றார் மகன்.

பெரியவர் இன்னும் கொஞ்ச நேரம் கரையில் நின்றார். பிறகு வேட்டியை இறக்கிவிட்டுத் திரும்பிப் போனார். கதவு சாத்திக்கொண்டது.

"டாக்டரு முன்னயே சொல்லீட்டாருங்க," என்றார் பொன்னுரங்கம். "மூளைக்கு வயசாயிருச்சாம். கறுப்பா, பளபளன்னு எதைக் கண்டாலும் தண்ணின்னு நெனைச்சுக்கும்."

"ஹாலுக்கு வர்றதே இல்லையா?"

"எங்கீங்க வர்றது? முன்னயெல்லாம் வெளிநாட்டுக்காரங்க வந்தா நடுவுல வந்து உக்காந்துக்கும். தலைல துணிமூட்டை சொமந்து வித்த கதையை ஆரம்பிச்சுரும். நிறுத்த முடியாது. உள்ற இருங்கன்னு பெத்த அப்பனைச் சொல்ல முடியுமுங்களா? நாலு சனம் காறித் துப்பாதா? இப்ப நான் ஒண்ணும் சொல்றதில்லீங்க. அதுவா நின்னுக்குது."

செங்கோடன் குனிந்து கல்லைக் கையால் தடவினார்.

"மெருகைத் தேச்சு எடுத்துரலாமுங்க. சின்ன வேலைதான். பளபளப்புப் போயிருச்சுன்னா அவரு நடப்பாரு."

"எதுக்குங்க?"

"இல்லாட்டி ஒரு ஜமுக்காளமாச்சும் விரிக்கலாமுங்க. பாதையாட்டம்."

"இப்படியாப்பட்ட தரையை மூடறதா? உங்க வேலையை நீங்களே மதிக்கலீன்னா வேற எவனுங்க மதிப்பான்?" பொன்னுரங்கம் அவர் தோளைத் தட்டினார். "திங்கட்கிழமை தம்பி ஊட்டுக்கு அளவெடுக்க வந்துருங்க."

"சரீங்க." கடையில் நின்று பழகிய செங்கோடனின் வாய். கேட்டால் 'சரீங்க' என்றுதான் வரும்.

"தம்பி வீட்டுல யாரெல்லாம்?" என்று கேட்டார் கமலவேணி.

"அவன், சம்சாரம், பசங்க ரெண்டு பேரு. அப்புறம் எங்காத்தா. பாகம் பிரிச்சப்ப அய்யன் என் பங்குக்கு, ஆத்தா அவன் பங்குக்கு." பொன்னுரங்கம் செங்கோடன் பக்கம் திரும்பினார். "அங்க இந்தக் கல்லு ஆகாதுங்க. ஆத்தாளுக்குக் கண்ணும் புத்தியும் நல்லாத் தெளிவுங்க. உங்களுக்கு வேற ஏதாச்சும் தோணாமயா போயிரும்?"

காப்பி வந்தது. குடித்துவிட்டுக் கிளம்பினார்கள்.

வண்டி தெரு முனையைத் தாண்டியது.

"கறுப்பு எப்படித் தோணுச்சு?" என்றார் கமலவேணி.

"முதல்ல கோட்டா கல்லைக் காமிச்சனுங்க. வேண்டாம்னாரு. வெள்ளை மார்பிள். அதும் வேண்டாம். மரப்பலகை போடலாம்னேன். தலையை ஆட்டீட்டாரு. ஒருநாள் பொழுது எறங்கற நேரத்துக்குக் கோயில் தெப்பக்குளத்துக்குப் போனோம். தண்ணி கறுப்பாக் கெடந்துச்சு. வெளக்கெல்லாம் உள்ற எரிஞ்சுது. அப்பத் தோணுச்சுங்க."

"உங்களை யாரு கூட்டிட்டுப் போனா?"

"அவருதாங்க."

"அங்கே என்ன பேசினாரு?"

"என்னமோ அவங்கய்யனைப் பத்தி. ஈரத்தைக் கண்டாலே வேட்டியைத் தூக்கிக்கும், ஒரு அடி எடுத்து வெக்காதுன்னு..." செங்கோடன் வண்டியை ஓரங்கட்டினார். "நான் சரியாக் கேக்கலீங்க அம்மிணி. தண்ணியவே பாத்துட்டிருந்தேன்."

கமலவேணி அவர் பக்கம் திரும்பினார்.

"ஆனா தரையைக் குளமாட்டம் போடுன்னு அவர் சொல்லலீங்க. ஒரு வார்த்தை சொல்லலை. நான்தான் சொன்னேன். சொன்னதும் என் ரெண்டு கையையும் புடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டாரு."

"ஒத்திக்குவாரு."

"அந்த ராத்திரியெல்லாம் எனக்குத் தூக்கமே வரலீங்க. எங்க அப்பன் ஆத்தா செத்தப்பக் கூட நான் அப்படி முழிச்சதில்லை. முதல் முறையா எனக்குன்னு ஒண்ணு தோணியிருக்குதேன்னு."

கமலவேணி கார்க் கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்த்தார். ஒரு லாரி போயிற்று. ஒரு பஸ் போயிற்று.

"கல்லு மேல என்னங்க தப்பு?"

"கல்லு மேல தப்பில்லை."

"எண்ணம் அவரோடது. கற்பனை என்னோடது. ரெண்டும் வேற வேற இல்லீங்களா?"

செங்கோடன் வண்டியைக் கிளப்பினார். கிளப்பியவர் மறுபடி நிறுத்தினார்.

"திங்கட்கிழமை போய்ப் பாக்கட்டுமுங்களா? அங்க போயி எனக்கு ஒண்ணும் தோணலைன்னா, முடியாதுன்னு சொல்லீட்டு வந்துர்றேன்."

"தோணும், செங்கோடண்ணா," என்றார் கமலவேணி. "இங்கே அவருக்கு வேண்டியிருந்தது ஒரு சுவர். உங்களுக்குத் தரையாத் தோணுச்சு. அங்கே வேற ஏதாவதாத் தோணும்."