மேற்கே என் வீடு வரை

மகிழங்கோட்டை அரண்மனையில் ஆபத்சகாயம் என்று ஒரு பெரிய கணக்கர் இருந்தார். பெயருக்கு ஏற்ற மனிதர்தான். ஆபத்து ஊருக்கு, சகாயம் அவருக்கு.

தம் வீட்டுக்குக் கிழக்கே இருந்த நிலத்தை அவர் பெரியநாச்சி என்ற வெற்றிலைக்காரிக்கு விற்றார். கிரயப் பத்திரத்தைத் தாமே எழுதினார். நான்கு எல்லை சொல்ல வேண்டுமே? கிழக்கே வாய்க்கால், வடக்கே கோயில் மதில், தெற்கே வண்டிப்பாதை என்று எழுதிவிட்டு, 'மேற்கே என் வீடு வரை' என்று முடித்தார். இவ்வளவு நீளம், இவ்வளவு அகலம் என்று ஒரு வார்த்தை கிடையாது. பெரியநாச்சிக்கு வாசிக்கத் தெரியாது. படித்துக் காட்டியபோது சரியாகத்தான் பட்டது.

அவள் கொடி நட்டாள். அவர் வீட்டை வளர்த்தார். கிழக்குப் பக்கம் முதலில் ஓர் அடுக்களை முளைத்தது. பிறகு ஒரு கூடம். பிறகு ஒரு மாட்டுத்தொழுவம். ஒவ்வொரு தடவையும் வெற்றிலைக் கொடிகளைப் பிடுங்கி வாய்க்காலில் எறிந்தார்கள்.

"சாமி, இது நான் வாங்கின நிலமாச்சே!" என்று அவள் அலறினாள்.

"யார் இல்லை என்றது? என் வீடு வரைக்கும் உன்னுடையதுதான். வீடு வளர்ந்துவிட்டது. நான் என்ன செய்ய?" என்றார் ஆபத்சகாயம். அன்று அவருக்குச் சாப்பாடு இரண்டு கவளம் கூடுதலாக இறங்கியது.

மிஞ்சிய நாலு பாத்தியை வைத்துக்கொண்டு பெரியநாச்சி யாரிடம் போய் அழுதாள் என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மறுநாள் வயிற்றுவலி என்று சொல்லி அனுப்பிவிட்டு வீட்டிலேயே படுத்திருப்பார். அரசவை விகடன் சிவக்கொழுந்துக்குத் தினமும் வெற்றிலை கொடுப்பவளே அவள்தான்.

மறுநாள் சபையில் ராஜா குமாரரங்கர் முகம் வாடி உட்கார்ந்திருந்தார்.

"அத்தை வருகிறார்" என்றார். பகைவன் படை வருகிறது என்பதைக்கூட அவர் அந்தக் குரலில் சொன்னதில்லை. "மழைக்காலம் முழுக்க இங்கேதானாம். சமையல்காரர்கள், தோழிகள், கிளிக்கூண்டுகள், எல்லாம் கூடவே வருகின்றன."

சிவக்கொழுந்து எழுந்தான். "அரண்மனை ஒழுகுகிறதே, பிரபு. ராணியம்மாவின் தாயாரை இங்கே நனைய விடலாமா? நம் கணக்கர் வீடு மூன்று கட்டு வீடு. புதுக் கூடம் வேறு கட்டியிருக்கிறார். அங்கே தங்கட்டும். உபசாரம் எல்லாம் வீட்டுக்காரர் செலவு. பெருமையும் அவருக்கே!"

ராஜாவின் முகம் மலர்ந்தது. ஆபத்சகாயத்துக்கோ பழைய தளவாயின் நினைவு வந்தது. போன மழைக்கு அத்தைக்கு இடம் கொடுத்தவர், அந்த அம்மாள் கிளம்பிய கையோடு காசிக்குப் போனார். இன்னும் திரும்பவில்லை.

"மகாராஜா! அது என் வீடே இல்லை!" என்று பதறினார். "மைத்துனன் வீடு. அவன் வெளிதேசம் போயிருக்கிறான். நான் சும்மா காவலுக்கு இருக்கிறேன்."

"உமக்கென்று ஒரு வீடு?" என்றான் சிவக்கொழுந்து.

"ஓலைக்குடிசைகூடக் கிடையாது."

"சபையறியச் சொல்கிறீரா?"

"மகாராஜாவின் பாதம் அறியச் சொல்கிறேன்!"

"ஐயோ பாவம்" என்று உச்சுக்கொட்டிய சிவக்கொழுந்து, வாசல் பக்கம் திரும்பி, "பெரியநாச்சி, உள்ளே வாம்மா" என்றான்.

பத்திரத்தோடு அவள் வந்து நின்றாள். அதை வாங்கி சிவக்கொழுந்து உரக்கப் படித்தான்: "மேற்கே என் வீடு வரை. எழுத்து உம்முடையதுதானே?"

"ஆமாம், ஆனால்..."

"பெரியநாச்சி, மேற்கே நடப்போம். அடுக்களை, கூடம், தொழுவம். இவர் வீடு இல்லை, தாண்டு. அந்த மூன்று கட்டும் இவர் வீடு இல்லையாம், அதையும் தாண்டு. அப்புறம் என்ன?"

"இவரு தென்னந்தோப்பு, சாமி."

"தோப்பில் இவருக்கு வீடு உண்டா?"

"கிடையாது. அதுக்கப்புறம் இவரு நஞ்சை. அங்கேயும் கிடையாது. அப்புறம் மலைதான்."

"மலையில்?"

"குரங்குதான் இருக்கு."

"அப்படியானால் மலை வரைக்கும் உன்னுடையது. மைத்துனர் வந்து கேட்டால் அவரிடம் தனியாகப் பேசிக்கொள்வோம்."

"என் வீடுதான்!" ஆபத்சகாயம் தரையில் விழுந்தார். "மூன்று கட்டும் என் வீடுதான், மகாராஜா! என் அப்பா கட்டியது!"

ராஜா முறைத்தார். "என் பாதம் அறியச் சொன்னது?"

ஆபத்சகாயம் அந்தப் பாதத்தையே பிடித்துக்கொண்டார்.

"சரி, உம்முடைய வீடே. அத்தை அங்கேதான் தங்குவார். பத்திரம் எழுதிய அன்று எந்தச் சுவர் இருந்ததோ அதுதான் எல்லை. பிறகு முளைத்ததெல்லாம் இந்த அம்மாளின் நிலத்தில் நிற்கிறது, அவளுக்கே சொந்தம்" என்று தீர்ப்புச் சொன்ன ராஜாவுக்கு அதற்குமேல் சிரிப்பை அடக்க முடியவில்லை. தம் சால்வையை எடுத்துச் சிவக்கொழுந்துக்குப் போர்த்தினார். நியாயம் வென்ற மகிழ்ச்சி கால் பங்கு, மாமியார் அரண்மனைக்கு வராத மகிழ்ச்சி முக்கால் பங்கு.

அத்தை வந்தார். முதல் கட்டில் அவர், இரண்டாம் கட்டில் தோழிகள், மூன்றாம் கட்டில் சமையல்காரர்கள். கிளிகளுக்குக் கணக்கரின் படுக்கையறை பிடித்துப்போயிற்று.

சாயங்காலம் ஆபத்சகாயம் பாயைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு கிழக்கு வேலியோரம் வந்து நின்றார்.

"அம்மா பெரியநாச்சி" என்றார். அவர் அவளை அம்மா என்று கூப்பிட்டது அதுவே முதல் தடவை. "அந்தத் தொழுவத்தில் ஓர் ஓரமாகப் படுத்துக்கொள்ளட்டுமா?"

பெரியநாச்சி கொடிக்குத் தண்ணீர் விடுவதை நிறுத்தாமலே சொன்னாள்: "எனக்கொண்ணும் இல்லை, சாமி. எருமையை ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்."