இலுப்பைச் சட்டி கழுவிய தண்ணீர்

இலுப்பைத் தோப்பை ஒட்டிய மலைச்சரிவில் நாலு வீடுகள் இருந்தன. உச்சிக் குகையில் பூவாயி என்ற கரடி. அதற்குக் கீழே சடையன் என்ற முள்ளம்பன்றி. அதற்கும் கீழே குட்டிகளோடு வெள்ளச்சி முயல். எல்லாவற்றுக்கும் அடியில், கோரைப் புல் மண்டிய குளத்தங்கரையில், பொத்தன் என்ற பெருச்சாளி.

அந்தச் சரிவுக்கு ஒரு பெருமை உண்டு. வேறு எந்தக் காட்டிலும் இல்லாத பாதாளச் சாக்கடை அங்கே இருந்தது! குளித்த தண்ணீர், குட்டி கழுவிய தண்ணீர் எல்லாம் வீட்டுக்கு வீடு ஒரு துவாரத்தில் இறங்கும். மண்ணுக்கடியில் ஓடும். கோரைப் புல்லில் வடிந்து, தெளிந்து, குளத்தில் சேரும். அந்தக் குளம்தான் எல்லாருக்கும் குடிநீர்.

சாக்கடை வெட்டிய நாட்களை நினைத்தால் பூவாயிக்கு இன்றும் நெஞ்சு நிறைந்துவிடும். அப்போது அதன் புருஷன் மலையன் உயிரோடு இருந்தது. பாறை வந்தால் மலையன் புரட்டும். மண் வந்தால் பொத்தன் தோண்டும். சடையன் கல் அடுக்கும். வெள்ளச்சி அப்போது கல்யாணம் ஆகாத சின்னப் பெண். ஓடி ஓடிக் கூழாங்கல் பொறுக்கி வரும். மத்தியானம் இலுப்பை மர நிழலில் காலை நீட்டிக்கொண்டு அடித்த அரட்டை இருக்கிறதே, அடடா! வயிறு வலிக்கச் சிரித்த காலம் அது.

வெட்டி முடித்த அன்றைக்கே சட்டமும் போட்டார்கள். அது ஒரு தினுசான சட்டம். அடுத்தவரைப் பார்த்து ‘நீ இதைப் போடாதே’ என்று யாரும் சொல்லக் கூடாது. அவரவர் விடக்கூடாததை அவரவரே வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

“என் முள்ளு ஒண்ணுகூட உள்ளே போகாது!” என்றது சடையன்.

“நாரு, முடி, படுக்கைப் புல்லு எதையும் விடமாட்டேன்!” என்றது வெள்ளச்சி.

“தோண்டின மண்ணை அதுல தள்ளமாட்டேன்!” என்றது பொத்தன்.

மலையன் எழுந்து நின்று மார்பைத் தட்டியது. “எண்ணெயும் கொழுப்பும் எங்க வீட்டுத் துவாரத்துல இறங்கவே இறங்காது! என்ன பூவாயி, சரிதானே?”

“சரிதான், சரிதான்! உட்காருங்க!” என்று பூவாயி வெட்கப்பட்டது.

நல்லவர்களுக்கு ஆயுசு கம்மி என்பார்களே, மலையனும் ஒரு குளிர்காலத்தில் போய்ச் சேர்ந்தது. அதன் பிறகு பூவாயிக்கு ஒரே ஒரு ஆறுதல்தான். வருஷா வருஷம் இலுப்பைக் கொட்டை விழும் பருவத்தில் எண்ணெய் ஆட்டும். காயவைத்த இலுப்பைப் பூவை அதில் வதக்கி உருண்டை பிடிக்கும். மலையனுக்கு அந்த உருண்டை என்றால் உயிர். குகை வாசலைக் கல்லால் அடைத்துக்கொண்டு, அந்த வாசனையை மூக்கு நிறைய இழுத்தால் போதும். மலையன் பக்கத்தில் உட்கார்ந்து, ‘இன்னொண்ணு குடு’ என்று கேட்பது போலவே இருக்கும். பாவம், அழுதுகொண்டே தின்னும், தின்றுகொண்டே அழும்.

தின்று முடித்தால் சட்டி நிறையப் பிசுக்கு. பூவாயி அதில் வெந்நீரைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றும். கலக்கும். துவாரத்தில் கவிழ்க்கும்.

முதல் தடவை மனசு குறுகுறுத்தது. குனிந்து பார்த்தது. “அட, தண்ணியாட்டம் ஓடிடுச்சே! இதுல எண்ணெய் எங்கே இருக்கு?” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. அடுத்த வருஷம் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

நல்ல கதை! சூட்டில் இளகியது குளிரில் இறுகும் என்று சட்டி பிடிக்கிற கைக்குத் தெரியாதா என்ன? வெள்ளச்சி வீட்டுக்குக் கீழே வெயில் எட்டாத இடத்தில் மண் எப்போதும் சில்லென்று இருக்கும். பிசுக்கு அங்கே போய்ப் படிந்தது. அதன் மேல் மறு வருஷத்துப் பிசுக்கு படிந்தது.

ஓர் ஆனி மாதம் மழை பிடித்துக்கொண்டது. மத்தியான நேரத்தில் வெள்ளச்சி போட்ட கூச்சல் சரிவு முழுக்கக் கேட்டது.

“ஐயோ, ஓடி வாங்க! சாக்கடைத் தண்ணி வீட்டுக்குள்ள எதுக்களிச்சு வருது! குட்டிங்க முங்குது!”

எல்லாரும் ஓடினார்கள். பூவாயி குட்டிகளை வாரி எடுத்து மேட்டில் விட்டது. பொத்தன் கீழிருந்து தோண்டிக்கொண்டே போனது. திடீரென்று தண்ணீர் குபுகுபுவென்று பாய்ந்தது. கூடவே பொத்தனும் உருண்டு வந்தது, ஒரு பெரிய வெள்ளைக் கட்டியைக் கட்டிப்பிடித்தபடி.

“இதுதான் அடைச்சுக்கிட்டு இருந்துச்சு! என்ன எழவுன்னே தெரியலே!” என்றது பொத்தன்.

“என்ன எழவா? நல்லாப் பாரு!” என்று வெள்ளச்சி கத்தியது.

கட்டியின் நடுவில் ஒரு முள் குத்திக்கொண்டு நின்றது.

“குளிக்கிறப்போ ஒண்ணு கழன்று போயிருக்கும். நான் வேணும்னு போடலே!” என்றது சடையன்.

“அந்த முள்ளுல சிக்கித்தான் எல்லாம் சேர்ந்திருக்கு! என் குட்டிங்க செத்திருந்தா நீ திருப்பித் தருவியா?” வெள்ளச்சி பின்னங்காலால் தரையை ஓங்கி உதைத்தது. “சட்டத்தை மீறினவன் இந்தச் சரிவுல இருக்கக் கூடாது!”

“நியாயந்தான்,” என்றது பொத்தன்.

சடையன் பூவாயியைப் பார்த்தது. மலையன் இருந்த நாளிலிருந்து அதற்குப் பூவாயி அண்ணி முறை. அண்ணி ஒரு வார்த்தை நமக்காகப் பேசும் என்று காத்திருந்தது.

பூவாயி பெருமூச்சு விட்டது. “தப்புன்னா தப்புதான் சடையா. உங்க அண்ணன் இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார்.”

சடையன் திரும்பியது. மழையில் நனைந்துகொண்டே தோப்பைத் தாண்டி நடந்தது.

“அக்கா, இந்தச் சனியனை எங்கேயாவது தூரமாக் கொண்டுபோய்ப் போட்டுடுங்க. உங்களால்தான் தூக்க முடியும்,” என்றது வெள்ளச்சி.

பூவாயி கட்டியைத் தூக்கிக்கொண்டு மலைக்கு அந்தப் பக்கம் போனது. சாக்கடை நாற்றம் மூக்கைத் துளைத்தது. பாதி வழியில், உள்ளங்கைச் சூட்டில் கட்டி லேசாக இளகியது. விரலிடுக்கில் எண்ணெய் வழிந்தது. அந்த நாற்றத்துக்கு நடுவிலிருந்து ஒரு வாசனை எழுந்து வந்தது.

இலுப்பை வாசனை! வருஷா வருஷம் வாசலை அடைத்துக்கொண்டு இழுத்து இழுத்து முகர்ந்த அதே வாசனை!

பூவாயி கட்டியைக் கீழே வைத்தது. அப்படியே உட்கார்ந்தது. சுற்றிலும் ஓர் ஈ காக்கைகூட இல்லை. கட்டியைப் பள்ளத்தில் உருட்டிவிட்டால் தீர்ந்தது, யாருக்குத் தெரியப் போகிறது? ஆனால் சடையன் போய்விடும். மலையன் எப்படிச் சிரிக்கும், எப்படிப் பாறை புரட்டும் என்று உடன்பிறந்தவன் போல வாய் நிறையப் பேச இந்த உலகத்தில் மிச்சம் இருந்தது அந்தச் சடையன் ஒன்றுதான்.

“சடையா! டேய் சடையா! நில்லுடா!”

கரடி ஓடி யாராவது பார்த்திருக்கிறீர்களா? அன்று, கட்டியை இடுக்கிக்கொண்டே ஓடியது. சடையனை மறித்து, கையோடு இழுத்து வந்து, எல்லார் முன்னாலும் கட்டியைப் போட்டது.

“மோந்து பாருங்க! இது நான் ஊத்தினது. அவர் எல்லார் எதிர்லயும் சொன்ன வார்த்தையை நான்தான் மீறினேன். சடையன் இருக்கட்டும், நான் போறேன். இனிமே அந்த உருண்டையையும் பிடிக்கமாட்டேன்!”

வெள்ளச்சி குனிந்து முகர்ந்து பார்த்தது. சடையன்தான் பேசியது.

“உருண்டையை நிறுத்தாதீங்க அண்ணி! அண்ணன் இருந்த வரைக்கும் அந்தச் சட்டி எங்கே போச்சு? மறந்துட்டீங்களா? ‘வழிச்சு நக்குடா சடையா’ன்னு என் வீட்டு வாசல்ல வச்சுட்டுப் போவாரே! ஒரு சொட்டு மிஞ்சுமா? அவர் போனதும் நீங்க வாசலை அடைச்சுக்கிட்டீங்க. துக்கத்துல இருக்கீங்களேன்னு நானும் தட்டலே.”

பூவாயி மண்ணில் விழுந்து குலுங்கிக் குலுங்கி அழுதது. வெள்ளச்சி மெல்ல வந்து அதன் பக்கத்தில் உட்கார்ந்தது.

வெள்ளச்சியின் வீடு காய்கிற வரைக்கும் குட்டிகள் உச்சிக் குகையில்தான் இருந்தன. சாக்கடையில் ஒட்டியிருந்த பிசுக்கையெல்லாம் பூவாயி தன் நகத்தாலேயே சுரண்டி எடுத்தது. மறு வருஷம் உருண்டை பிடித்தபோது வாசல் திறந்தே கிடந்தது. சட்டி நேராகச் சடையன் வீட்டுக்குப் போனது. திரும்பி வந்தபோது அதைக் கழுவத் தண்ணீரே தேவைப்படவில்லை!

பொதுச் சாக்கடையில் நாம் கண்மறைவாக ஊற்றுவதெல்லாம் யாரோ ஒருவர் வீட்டுக்குள் போய்த்தான் நிற்கும்; அதனால் அவரவர் கழிவுக்கு அவரவரே பொறுப்பு.