ஜன்னல் வரை

"ஓட்டத்துல அந்தக் கடைசித் துண்டு தூரத்தை யாரு சேர்த்தது, குருவே?"

வெண்ணி மண்ணில் கிடந்தபடியே கேட்டாள். உதடெல்லாம் புழுதி. இன்றைக்கும் சந்தைக்கு அப்பாலுள்ள கல்லைத் தாண்டி நாலடி வைப்பதற்குள் கால் மடங்கி விழுந்திருந்தாள்.

குரு பொரி தின்றுகொண்டிருந்தாள். ஊன்றுகோல் பக்கத்தில் சாய்ந்திருந்தது. இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயதுதான்.

மலைக்கோட்டை வாசலில் தொடங்கும் ஓட்டம் அது. அரண்மனை ஜன்னலுக்குக் கீழே முடியும். முதலில் வருகிறவர் ராஜாவிடம் ஒன்று கேட்கலாம். ராஜா மறுக்கக் கூடாது.

போன இரண்டு வருஷமும் கல் வரைக்கும் வெண்ணிதான் முதலில் வந்தாள்; தாண்டியதும் விழுந்தாள். அப்போதெல்லாம் அவள் கேட்க நினைத்திருந்தது ஒரு ஜோடி மாடு.

இந்த வருஷம், தம்பி கிள்ளியின் உயிர்.

அவன் அரண்மனைச் சேவகன் ஒருவனைக் கைநீட்டி அடித்துவிட்டான். ஓட்டம் நாளைக்கு. தூக்கு அதற்கு மறுநாள்.

"கேக்கிறேன்ல? யாரு சேர்த்தது?"

"முன்னே எல்லாம் இந்தக் கல்லோடயே ஓட்டம் முடிஞ்சிடும்," என்றாள் குரு. "ஒரு வருஷம் ராஜா வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல். எழுந்து வர முடியல. ஓட்டம் முடியிறதைப் பாக்கணும்னு ஒரே அழுகை. சரி, ஜன்னல் வரைக்கும் ஓடி வாங்கடான்னுட்டார் ராஜா."

"அடுத்த வருஷம் குறைச்சிருக்கலாமே?"

"யாரு விடுவா? ஜன்னல் வரைக்கும் ஓடினவன், இன்னொருத்தன் கல்லோட நிக்கிறதுக்குச் சம்மதிப்பானா? பக்கத்து நாட்டுக்காரன் கயிறு போட்டு அளந்துட்டுப் போனான். இப்போ அங்கேயும் இதே தூரம்தான். அங்கே ஜன்னலே கிடையாது."

வெண்ணிக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது.

"ஏதோ ஒரு குழந்தை அழுததுக்கு என் தம்பி சாகணுமா? அந்தக் காய்ச்சல்லயே அது போய்ச் சேர்ந்திருக்கக் கூடாதா?"

குரு ஒரு பிடி பொரியை வாயில் போட்டு மெதுவாக மென்றாள்.

"பிழைச்சிடுச்சு," என்றாள். "கால்தான் வரல."

ஊன்றுகோலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அந்தக் காலுக்கு என்ன ஆனது என்று வெண்ணி ஒருநாளும் கேட்டதில்லை; குரு ஓடிக் காட்டுவதில்லை என்று எத்தனை நாள் பழித்திருக்கிறாள்! வெட்கத்தில் குனிந்துகொண்டாள்.

"ஜன்னல்ல உட்கார்ந்து நான் பார்த்ததெல்லாம் அந்தக் கடைசித் துண்டுதான்," என்றாள் குரு. பிறகு, "இந்தக் கல் என்ன கனம் இருக்கும்?"

"ரெண்டு ஆள் புரட்டலாம். எதுக்கு?"

"சும்மா கேட்டேன். போய்த் தூங்கு."

மறுநாள் வெண்ணி ஓடினாள்.

மலைச்சரிவில் ஆட்கள் உதிர்ந்தார்கள். ஆற்றுமணலில் பாதிப்பேர் நின்றுபோனார்கள். ஊருக்குள் நுழையும்போது அவளுக்குப் பின்னால் ஒரே ஒருவனின் மூச்சுதான் கேட்டது. அது பக்கத்திலேயே கேட்டது.

ஆலமரம் வந்தது. ஆலமரம் தாண்டினால் சந்தை. சந்தை தாண்டினால் கல்.

சந்தையில் சனம் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. தெருவுக்குக் குறுக்கே தோரணங்கள். கண்ணில் வியர்வை இறங்கியது. எந்த இடம் என்றே பிடிபடவில்லை.

கல் இன்னும் வரவில்லை.

வந்ததும் விழுந்துவிடுவோம் என்று அவளுக்குத் தெரியும். வருவதற்குள் அவனை எவ்வளவு முந்த முடியுமோ முந்திவிட வேண்டும்.

இன்னும் வரவில்லை.

பின்னாலிருந்தவன் தோளுக்குத் தோள் வந்துவிட்டான். வெண்ணி பல்லைக் கடித்தாள். அவன் மூச்சு மறுபடியும் பின்னால் போனது.

அப்போது கல் தெரிந்தது.

அதன்மேல் குரு உட்கார்ந்திருந்தாள். கையில் பொரி.

பார்த்ததும் வெண்ணிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவ்வளவுதான், இனி கால் தாங்காது. கிள்ளி, கிள்ளி என்று சொல்லிக்கொண்டே கல்லைத் தாண்டினாள்.

நாலடிகூட வைக்கவில்லை. விழுந்தாள்.

"எழுந்திரு," என்றாள் குரு.

"முடியல, குருவே." வெண்ணி மண்ணை அறைந்து அழுதாள். "இன்னும் அவ்வளவு தூரம் இருக்கே. என் தம்பியை நானே கொன்னுட்டேனே."

"மேலே பாரு."

வெண்ணி தலையைத் தூக்கினாள்.

நேர் மேலே அரண்மனை ஜன்னல். அதிலிருந்து எட்டிப் பார்த்த ராஜா கேட்டார்:

"உனக்கு என்னம்மா வேணும்?"