ஆயிரத்தொன்பது பேருக்கு ஒரே பந்தி

கோணவாய்க்கால்காரர்களுக்குக் கல்யாணம் பண்ணத் தெரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பந்தி போடத்தான் தெரியாது. ஊரே சாப்பிட்டு எழுந்தால்தான் அங்கே தாலி. சமைத்தவர் உட்பட எல்லோரும் ஒரே நேரத்தில், சமமான வரிசைகளில் உட்கார வேண்டும். வரிசையின் முதல் ஆள் எழுந்து தன் வரிசைக்குப் பரிமாறுவார். அது பெரிய கௌரவம்.

செங்கமலத்தின் மகள் கல்யாணத்துக்கு ஆயிரத்தொன்பது பேர். இரண்டு வரிசை போட்டார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பா வைரவநாதன் மிஞ்சினார். எல்லோரையும் எழுப்பி மூன்று போட்டார்கள். அவரேதான். நான்கிலும் அவர். ஐந்தில் நாலு பேர் மிஞ்சினார்கள்.

"பாருங்க சம்பந்தி, துணைக்கு மூணு பேர்," என்றாள் செங்கமலம் ஆறுதலாக.

"ஒன்பது வரிசை வரைக்கும் பார்ப்பேன் சம்பந்தியம்மா. அப்புறம் பையனைக் கூட்டிக்கிட்டுக் கிளம்பிடுவேன்."

ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது. நின்றது அவரேதான். செங்கமலம் ஓடிப்போய் மண்டப வாசலை மறித்துக்கொண்டாள்.

கணக்கு வாத்தியார் தர்மலிங்கம் எழுந்தார். "இது பகா எண். ஒண்ணால வகுபடும், ஆயிரத்தொன்பதால வகுபடும். நடுவுல எதுக்கும் மசியாது."

"ஒருத்தர் குறைஞ்சா?" என்றாள் செங்கமலம்.

"ஆயிரத்தெட்டு. தங்கமான எண். அஞ்சைத் தவிர இப்பப் போட்ட எல்லா வரிசைக்கும் சரியா வரும்."

"யாரைக் குறைக்கலாம்?"

எல்லோரும் வைரவநாதனைப் பார்த்தார்கள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். அந்த யோசனை அத்தோடு நின்றது.

சரி, ஒன்றால் வகுபடுமே என்று ஒரே வரிசை போட்டார்கள். அது மண்டபம் தாண்டி, தெரு தாண்டி, குளக்கரை தாண்டிப் போய் ஒரு பம்புசெட் வாசலில் முடிந்தது. முடிந்த இடத்தில் வைரவநாதன்.

"எனக்குக் கடைசி இலையா? டேய் மாப்பிள்ளை, மாலையைக் கழட்டுடா."

செங்கமலம் மூச்சு வாங்க ஓடிவந்தாள். "கழுத்தைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்க சம்பந்தி. இது ஒரு வரிசையில்ல. ஆளுக்கொரு வரிசை, பக்கத்துல பக்கத்துல போட்டிருக்கு. உங்க வரிசைக்கு நீங்கதான் முதல் ஆள்."

அவர் திரும்பிப் பார்த்தார். முன்னால் யாருமில்லை, பின்னாலும் யாருமில்லை. "இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?" என்று சிரித்தபடி உட்கார்ந்தார்.

வழக்கப்படி ஒவ்வொரு வரிசையின் முதல் ஆளும் பரிமாற எழுந்தார். அதாவது, ஊரே எழுந்தது. ஆளுக்கொரு கரண்டிச் சோற்றோடு அவரவர் இலைக்கு எதிரே போய் நின்றார்கள்.

இலைக்கு முன் ஆளில்லை.

"ஆள் இல்லாம பரிமாறினா மரியாதையில்ல," என்றார் வாத்தியார். காத்திருந்தார்கள். சோறு ஆறியது. முகூர்த்தம் நெருங்கியது.

வைரவநாதன் பொறுமை இழந்தார். "என் வரிசையில இப்பத்தானே ஒருத்தன் உக்காந்திருந்தான்? எங்க போனான்?"

"கோவிச்சுக்காதீங்க. உங்க பக்கத்து ஆளாத்தான் இருக்கும்," என்றாள் செங்கமலம்.

"யாரா இருந்தாலும் சரி. அவன் சாப்பிட்டாத்தான் தாலி."

ஊரே கரண்டியோடு தேடக் கிளம்பியது. அந்த ஆளை அடையாளம் தெரிந்தவர் என்பதால் வைரவநாதனே முன்னால் நடந்தார்.